மண் கலந்த நந்தவனம்

சென்ற மாதம் எனக்கு ஒரு படம் வந்து சேர்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பூகோளம் படித்து, இப்பொழுது அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர் அனுப்பிய படம் அது. பசும்புல் தரை, அதன் நடுவே மகாத்மா காந்தியின் சிலை, பின்னால் ஓங்கி வளர்ந்த மரங்கள். "கிளீவ்லந்து நகரத்து நந்தவனத்தில் நம் தாத்தாவைத் தரிசித்தேன்" என்று ஒரு வரி மட்டும் எழுதியிருந்தார்.

மறுநாள் எட்டாம் வகுப்பில் அப்படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். முன் வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, "ஐயா, காந்தி அந்த ஊருக்குப் போயிருக்கிறாரா?" என்று கேட்டான். போனதில்லை, அமெரிக்க மண்ணில் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை என்றேன். உடனே பின் வரிசையிலிருந்து ஒருவன், "பின்னே அங்கே எதற்கு ஐயா சிலை?" என்றான். பிள்ளைகளின் கேள்விகளில் இந்த இரண்டாவது கேள்விதான் எப்பொழுதும் ஆசிரியரை விழிக்க வைப்பது. அதற்கு விடை சொல்ல எனக்கு இரண்டு பாடவேளைகள் பிடித்தன. அப்படியும் சில விஷயங்கள் விட்டுப் போயின. அவற்றையும் சேர்த்து வாசகர்களுக்கு இங்கே சொல்லலாமென்று நினைக்கிறேன்.

கிளீவ்லந்து நகரம் ஈரி என்னும் பேரேரியின் தென்கரையில் இருக்கிறது. ஏரி என்றவுடன் நமது செம்பரம்பாக்கத்தையோ வீராணத்தையோ நினைக்கலாகாது. நடுவில் நின்றால் நான்கு பக்கத்திலும் கரை தென்படாது. வடமேற்கே, சுபீரியர் ஏரிக்கு அப்பாலுள்ள சுரங்கங்களிலிருந்து இரும்புத் தாது கப்பல் கப்பலாக ஏரிகள் வழியே இந்நகரத்துக்கு வந்தது. கிழக்கிலும் தெற்கிலும் உள்ள மலைகளிலிருந்து நிலக்கரி ரயிலில் வந்தது. இரும்பும் கரியும் சந்திக்கும் இடத்தில் உருக்காலை எழும் என்பது எங்கள் பாடப் புத்தகத்தின் பழைய சூத்திரம். ஆலை எழுந்தால் அதற்குக் கை வேண்டும். அந்தக் கைகள் ஐரோப்பாவின் ஏழைக் கிராமங்களிலிருந்து வந்தன. போலிஷ்காரர், ஹங்கேரியர், ஸ்லோவாக்கியர், ஸ்லோவேனியர், இத்தாலியர், லிதுவேனியர், உக்ரெய்னியர், யூதர், அயர்லாந்துக்காரர், ஜெர்மானியர் ஆகிய இத்தனை ஜாதியாரும் ஒரே புகைக்கூண்டின் கீழ் வந்து குடியேறினார்கள். 1920-ஆம் ஆண்டு ஜனக் கணக்கில் அது அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய நகரம். எட்டு லட்சத்தை நெருங்கிய அதன் ஜனத்தொகையில் நூற்றுக்கு முப்பது பேர் வரையில் அந்நிய தேசத்தில் பிறந்தவர்கள்.

ஒவ்வொரு கூட்டமும் தன் கோயிலைச் சுற்றி, தன் ரொட்டிக் கடையைச் சுற்றி, தன் பாஷைப் பத்திரிகையைப் படித்துக்கொண்டு வாழ்ந்தது. ஐரோப்பாவில் அடுத்தடுத்த தேசத்தார் தலைமுறை தலைமுறையாகப் பாராட்டிய பகைமையும் கப்பலில் கூடவே வந்திறங்கியது. மூட்டை முடிச்சுகளை விட்டு வந்தாலும் மனிதன் பகையை விட்டு வருவதில்லை.

இந்நகரத்தின் நடுவே டோன் என்னும் ஓர் ஓடை பள்ளத்தாக்கு வழியாக ஏரிக்கு ஓடுகிறது. மண்ணெண்ணெய் வியாபாரத்தால் உலகத்திலேயே பெருந்தனவந்தரான ஜான் ராக்பெல்லர் தம் தொழிலை ஆரம்பித்தது இந்த ஊரில்தான். 1896-இல் நகரம் தனது நூறாவது ஆண்டு விழாவைக் கொண்டாடியபொழுது, அந்த ஓடைக்கரை நிலத்தைப் பூங்காவுக்கென்று அவர் தானமாக வழங்கினார். முதலாவது உலக யுத்தம் முடிந்ததும், அதில் மாண்ட அவ்வூர்ப் போர்வீரர்களின் நினைவாக ஓடையோரச் சாலையில் ஓக் மரங்களை வரிசையாக நட்டு, சாலைக்குச் சுதந்திரச் சாலை என்று பெயரிட்டார்கள். ஆகவே சமாதானத்துக்கென்று தோட்டம் எழுந்த இடம், யுத்தத்தில் பிள்ளைகளை இழந்த தாய்மார் வந்து கண்ணீர் விட்ட இடமாகவும் இருந்தது.

அதற்கும் முன்பே, 1916-இல், ஷேக்ஸ்பியர் இறந்து முந்நூறு ஆண்டு நிறைந்ததை ஒட்டி, அவர் நாடகங்களில் வரும் செடி கொடிகளை வளர்த்து ஒரு சிறு தோட்டம் அமைத்திருந்தார்கள். அதைப் பார்த்த லியோ வைடன்தால் என்ற பத்திரிகாசிரியருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. ஆங்கிலேயருடைய கவிக்கு ஒரு தோட்டம் உண்டென்றால் மற்றவர்களுடைய கவிகளுக்கு ஏன் இல்லை? அவர் யூதர், யூத சமூகத்துக்காக ஒரு வாரப் பத்திரிகை நடத்தி வந்தவர். பத்திரிகாசிரியர்களுக்கு எண்ணம் தோன்றுவது சகஜம். இவரோ அதைக் காரியத்திலும் நடத்தினார். அவருடைய முயற்சியால் 1926-இல் யூதர் தோட்டம் எழுந்தது. 1929-இல் ஜெர்மானியர் தோட்டம். கெதேயும் ஷில்லரும் அருகருகே நிற்கும் பெரிய சிலை, வைமார் நகரத்திலுள்ளதன் பிரதி, அங்கே வந்து அமர்ந்தது. 1930-இல் இத்தாலியர் தோட்டம். வர்ஜில் என்னும் ரோமானிய மகாகவி பிறந்து இரண்டாயிரம் ஆண்டு நிறைந்ததென்று அவருக்குச் சிலை வைத்தார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக லிதுவேனியர், ஸ்லோவாக்கியர், போலிஷ்காரர், ஹங்கேரியர், செக்கர், உக்ரெய்னியர், கிரேக்கர், அயர்லாந்துக்காரர். சாலைக்கும் ஓடைக்கும் மேலே மேட்டு நிலத்தில், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், தோட்டங்கள் சங்கிலிபோல் நீண்டன.

நிலம் நகரசபையுடையது. சிலைக்கும் கல்லுக்கும் செடிக்கும் பணம் அந்தந்தச் சமூகத்தார் திரட்டவேண்டும். ஆலைக் கூலியிலிருந்தும், மாதா கோயில் விருந்துகளிலிருந்தும், நடன நாடகங்களிலிருந்தும் காசு காசாகச் சேர்த்தார்கள். 1930-களில் அமெரிக்காவை வாட்டிய வேலையில்லாத் திண்டாட்டத்தின்போது, வேலையற்றோருக்கு வேலை கொடுக்க சர்க்கார் ஏற்படுத்திய திட்டத்தின் கீழ், கல்தச்சர்களும் கொல்லர்களும் இத்தோட்டங்களில் படியும் சுவரும் இரும்புக் கதவும் அமைத்தார்கள். கஷ்டகாலத்தில் கட்டப்பட்ட கோயில்களைப்போலவே, கஷ்டகாலத்தில் எழுந்த தோட்டங்கள் இவை.

இங்கே சிலை வைப்பதில் அவர்கள் அனுசரித்த வழக்கம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ராஜாக்கள், சேனாதிபதிகள் முதலியவர்களைப் பெரும்பாலும் விலக்கிவிட்டார்கள். போலிஷ்காரர் தோட்டத்தில் ஷோபான் என்ற சங்கீத வித்துவான், கோபர்னிக்கஸ் என்ற வான சாஸ்திரி, ரேடியம் கண்ட மேரி கியூரி அம்மையார். ஹங்கேரியர் தோட்டத்தில் லிஸ்ட். உக்ரெய்னியர் தோட்டத்தில் அடிமைக் குடியில் பிறந்து மகாகவியான ஷெவ்சென்கோ. ஒரு ஜாதியின் சேனாதிபதி அடுத்த ஜாதிக்குக் கொலைகாரனாகத் தோன்றக்கூடும். ஷோபானின் பியானோவை யார் வேண்டுமானாலும் கேட்டு அனுபவிக்கலாம். நம் ஊர்களில் முச்சந்திக்கு முச்சந்தி சிலை வைப்போர் இந்த வழக்கத்தைப் பற்றிச் சற்று யோசிக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

1936-ஆம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டின் சரித்திரத்தை நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் ஹிட்லரின் சேனை ரைன் பிரதேசத்தில் புகுந்தது. மே மாதத்தில் முசோலினி அபிசீனியாவை விழுங்கினார். ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அந்த வருஷத்தில்தான் கிளீவ்லந்து நகரத்தார் இச்சங்கிலியில் 'தேசங்களின் சமாதானத் தோட்டம்' என்று ஒன்றைப் பிரதிஷ்டை செய்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட தேசங்களிலிருந்து, ஒவ்வொரு தேசத்தாரும் புனிதமென்று மதிக்கும் இடங்களிலிருந்து, பிடி மண் தருவித்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அங்கே இட்டார்கள்.

இதைப் படித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பிடி மண் எடுத்துச் செல்வது நமக்குப் புதிதல்ல. குலதெய்வத்தின் கோயிலிலிருந்து பிடி மண் கொண்டு போய்ப் புது ஊரில் கோயில் எழுப்பும் வழக்கம் நம் கிராமங்களில் இன்றும் உண்டு. பஞ்சம் பிழைக்கவோ கலகத்துக்கு அஞ்சியோ ஊர் பெயர்ந்தவர்கள் தெய்வத்தை மடியில் முடிந்துகொண்டு போனது அப்படித்தான். ஆனால் நம்மவர் அம்மண்ணை இன்னொருவருடைய மண்ணோடு கலந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கலந்த பிறகு எது வார்சாவின் மண், எது பெர்லினின் மண் என்று யாரால் பிரிக்க முடியும்?

ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும். மூன்றே ஆண்டுகளில் ஜெர்மனி போலந்தின்மேல் படையெடுத்தது. ஐந்தாண்டுகளில் அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கியது. கிளீவ்லந்தின் மண்கலயம் ஒரு பீரங்கியைக்கூட நிறுத்தவில்லை. "அப்படியானால் அது வீண்தானே ஐயா?" என்று வகுப்பில் கேட்டார்கள். வீண் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பயன்பட்டது என்று சாதிக்கவும் கையில் சான்று இல்லை. அந்த யுத்த காலத்திலும் கெதேயின் சிலை நின்ற தோட்டமும் கோபர்னிக்கஸின் சிலை நின்ற தோட்டமும் ஒரே ஓடைக்கரையில் நின்றன என்று மட்டும் சொன்னேன்.

இதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு சமாதானத் தோட்டமும் எழுந்தது. கனடாவின் மானிடோபா மாகாணத்துக்கும் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவுக்கும் இடையே எல்லைக்கோட்டின் மேலேயே, இரு பக்கத்திலுமாக 2,339 ஏக்கர் நிலத்தை ஒதுக்கி, 1932 ஜூலை 14-ஆம் தேதி அர்ப்பணம் செய்தார்கள். மனிதகுலம் உள்ளவரை ஒருவர்மேல் ஒருவர் ஆயுதம் எடுப்பதில்லை என்ற சபதத்தை அங்கே கல்லில் பொறித்திருக்கிறார்கள். அழகான காரியம்தான். ஆனால் அது சண்டை ஓய்ந்து நூறு ஆண்டுக்குமேல் ஆன இரண்டு அண்டை வீட்டார் போட்டுக்கொண்ட உடன்படிக்கை. கிளீவ்லந்தில் கூடியவர்களோ, அன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்த தேசங்களின் பிள்ளைகள். என் மனம் அவர்களிடமே அதிகமாகச் செல்கிறது.

பூகோள ஆசிரியனுக்கு இந்தத் தோட்டச் சங்கிலியில் தனி ருசி ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் பெரிய சங்கடம், தேசப்படம் அடிக்கடி மாறுவது. லிதுவேனியா என்ற தேசத்தை 1940-இல் சோவியத் ருஷ்யா விழுங்கிற்று. ஐம்பது ஆண்டுக் காலம் படங்களில் அதற்குத் தனி நிறம் கிடையாது. கிளீவ்லந்தில் லிதுவேனியர் தோட்டம் மட்டும் அதே இடத்தில் அதே பெயருடன் இருந்தது. 1990-இல் அத்தேசம் மறுபடி சுதந்திரப் பிரகடனம் செய்தபோது பெயர்ப் பலகையை மாற்றவேண்டிய அவசியம் அங்கே நேரவில்லை. செக்கரும் ஸ்லோவாக்கியரும் ஒரே ராஜ்யமாக இருந்தபோதே இங்கே தனித்தனித் தோட்டம் வைத்துக்கொண்டார்கள். 1993-இல் தேசமும் அவ்வாறே பிரிந்தது. இதற்கு நேர்மாறானது யூகோஸ்லாவியத் தோட்டம். 1938-இல் ஸ்லோவேனியர், கிரோஷியர், ஸெர்பியர் எல்லோருக்கும் பொதுவாக அதை அமைத்தார்கள். 1990-களில் அத்தேசம் ரத்த வெள்ளத்தில் உடைந்தது. இன்று அந்த இடம் ஸ்லோவேனியருடையது; ஸெர்பியருக்கும் கிரோஷியருக்கும் வேறு வேறு தோட்டங்கள் எழுந்துவிட்டன. கூட்டுக் குடும்பம் பாகம் பிரித்துக்கொண்டதுபோல.

உக்ரெய்னியர், யூதர் முதலியோருக்கு அக்காலத்தில் உலகத்தில் சுதந்திர ராஜ்யம் கிடையாது. ஆயினும் மற்றவர்களுக்குச் சமமாகப் பாத்தி கிடைத்தது. ராஜ்யம் இருந்தால்தான் தேசம் என்று அத்தோட்டக்காரர்கள் கருதவில்லை. பாஷையும் கவியும் இருந்தால் போதும். அப்படியானால் 1936-இல் அவர்களைப்போலவே பரதந்திரத்தில் இருந்த பாரத நாட்டுக்கு ஏன் ஒரு பாத்தி இல்லை? வள்ளுவரும் காளிதாசனும் வர்ஜிலுக்குக் குறைந்தவர்களா?

பாத்தி இல்லாததன் காரணம், அதை வெட்ட ஆள் இல்லாததே. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து, இந்தியா உட்பட, அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுத்துவிட்டது. ஏற்கெனவே குடியேறியிருந்த சிலருக்கும் கதவு சாத்தப்பட்டது. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சேனையிலேயே சேவை செய்தவர். அவர் பிரஜாவுரிமை கேட்டபோது, 1923-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார். ஆகவே பிரஜையாகத் தகுதியில்லை என்று தீர்ப்பளித்தது. அவர்களுடைய யுத்தத்துக்கு வேண்டியவர், அவர்களுடைய தேசத்துக்கு வேண்டாதவரானார். 1946-இல்தான் இந்தியருக்குப் பிரஜாவுரிமை பெற வழி திறந்தது. அப்போதும் குடியேற அனுமதித்தது வருஷத்துக்கு 100 பேர். 1965-ஆம் ஆண்டுச் சட்டம் தேசவாரிக் கணக்கை ஒழித்த பிறகே நம் டாக்டர்களும் என்ஜினீயர்களும் பெருந்தொகையாக அங்கே போகத் தொடங்கினார்கள். இந்த இரண்டு சட்டங்களிலும் எமானுவேல் செல்லர் என்ற ஒரே சட்டசபை அங்கத்தினரின் பெயர் வருகிறது. அவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் இதைவிடப் பெரிய குறை ஒன்று அந்தத் தோட்டச் சங்கிலியில் இருந்தது. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நியாயமாகாது. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களோடு, அமெரிக்காவின் தென் மாகாணங்களிலிருந்து நீக்ரோ மக்கள் (அவர்களை இன்று ஆப்பிரிக்க அமெரிக்கர் என்கிறோம்) ஆயிரக்கணக்கில் இந்நகரத்து ஆலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். நாளடைவில் பூங்காவின் இரு புறத்திலும் உள்ள பேட்டைகள் அவர்கள் வாழும் பேட்டைகளாயின. வெள்ளையர் வீடுகளை விற்றுவிட்டுப் புறநகர்களுக்குப் போனார்கள். எந்த மக்கள் தினமும் காலையில் அந்தத் தோட்டங்களைக் கடந்து வேலைக்குப் போனார்களோ, அவர்களுக்கென்று அவற்றில் ஒரு பாத்தி கிடையாது. கவிகளின் சிலைகள் வரிசையாக நின்றன. அவற்றில் தம் முகத்தை அவர்கள் காணவில்லை.

1966 ஜூலையில் பூங்காவுக்கு மேற்கேயுள்ள ஹஃப் பேட்டையில் கலகம் மூண்டது. ஒரு சாராயக் கடையில் கறுப்பர் ஒருவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க மறுத்தார்கள் என்ற செய்தியிலிருந்து அது கிளம்பியது. தண்ணீர் ஒரு சாக்கு. வாடகைக் கொடுமையும் வேலையின்மையும் போலீஸ் கெடுபிடியும் உள்ளே கனன்றுகொண்டிருந்தன. பல நாள் நெருப்பு எரிந்தது. நான்கு பேர் மாண்டார்கள், நால்வரும் கறுப்பர்கள். 1968-இல் கிழக்குப் பக்கத்து கிளென்வில் பேட்டையில் போலீசாருக்கும் ஆயுதம் தாங்கியவர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. நடுவில் சமாதானத் தோட்டம், இருபுறமும் தீ. மற்றவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை உண்டா என்று இதைச் சொல்லும்போது எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஒரு மனிதனுக்குக் குடிதண்ணீர் மறுப்பதைப் பற்றி நம் தேசத்தார் நிமிர்ந்து நின்று பேச முடியாது. 1927-இல் மஹாட் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிப் பருகுவதற்கு டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களைத் திரட்டிக்கொண்டு போக நேர்ந்தது நம் நாட்டில்தான்.

தோட்டங்கள் சீரழிந்தன. வைத்தவர்கள் தூரத்துப் புறநகரில். அவர்கள் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் பாஷை மறந்துவிட்டது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த நகரத்து ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவு 1969-இல் தீப்பற்றி எரிந்ததை உலகமே பார்த்துச் சிரித்தது. தோட்டங்களில் புல் முழங்காலளவு வளர்ந்தது. நீரூற்றுகள் வற்றின. வெண்கலத்துக்கு ஆசைப்பட்டவர்கள் சிலைகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மிஞ்சிய சிலவற்றைச் சமூகத்தாரே கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். தலையில்லாத பீடங்கள் நின்றன. ஒரு தலைமுறை கட்டிவிட்டு அடுத்த தலைமுறை திரும்பிப் பாராமற் போன கோயில்களும் குளங்களும் நம் ஜில்லாக்களில் எத்தனை உண்டு! அந்தக் காட்சியை நான் விவரிக்க வேண்டியதில்லை.

1977-இல் ஆப்பிரிக்க அமெரிக்கர் தோட்டத்துக்கென்று இடம் ஒதுக்கி அர்ப்பணம் செய்தார்கள். அர்ப்பணம் செய்தார்கள் என்கிறேனே தவிர, தோட்டம் எழுந்துவிட்டது என்று சொல்லவில்லை. வெற்று நிலமாகவே அது பல ஆண்டுகள் கிடந்து, இந்த நூற்றாண்டில்தான் அங்கே கல் எழும்பியது. பின்னால் வந்தவர்களில் பலர் அதற்கு முன்னாலே கட்டி முடித்துவிட்டார்கள்.

சாலையின் பெயர் மட்டும் விரைவில் மாறியது. ஓக் மரங்கள் நின்ற பழைய சுதந்திரச் சாலைக்கு 1981-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரைச் சூட்டினார்கள். காரணமில்லாமல் அல்ல. கிங் இந்நகரத்துக்குப் பலமுறை வந்து, கறுப்பு மக்களை வாக்காளர் ஜாபிதாவில் பதியச் செய்ய வீடு வீடாகவும் தெருத் தெருவாகவும் உழைத்தார். 1967-இல் கார்ல் ஸ்டோக்ஸ் என்பவர் இங்கே மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவின் பெரிய நகரம் ஒன்றுக்குக் கறுப்பர் ஒருவர் மேயரானது அதுவே முதல் தடவை.

அந்த கிங், 1959-இல் தம் மனைவியாருடன் இந்தியாவுக்கு வந்து ஒரு மாத காலம் சுற்றினார். மற்ற நாடுகளுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போகலாம், இந்தியாவுக்கு யாத்திரிகனாகவே வருகிறேன் என்ற கருத்தில் அவர் பேசியது பலருக்கும் தெரிந்தது. தெற்கே கன்னியாகுமரி வரை வந்தார். முக்கடல் கூடும் அந்தப் பாறையில் அமர்ந்து சூரியன் மறைவதையும் சந்திரன் எழுவதையும் ஒருங்கே கண்டார். பிற்பாடு அதைத் தம் மாதா கோயில் பிரசங்கத்தில் சொன்னார். கன்னியாகுமரியில் நமக்கெல்லாம் காசுக்கு ஒன்று வீதம் சங்கு வாங்கத்தான் தோன்றுகிறது. போகட்டும்.

இப்பொழுது பின் வரிசைப் பையனின் கேள்விக்கு வருகிறேன். 1980-களுக்குப் பிறகு, சிறிது சிறிதாக, தோட்டங்களைத் திருத்தும் வேலை ஆரம்பித்தது. பழைய சமூகத்தாரின் பேரப்பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தார்கள். 1985-இல் சீனர் தோட்டத்தில் கன்பூஷியஸின் சிலை வந்தது. அந்த வரிசையில், 1965-க்குப் பிறகு குடியேறிய நம் தேசத்தாரும் ஒன்றுகூடிப் பணம் திரட்டி இந்தியத் தோட்டத்தை அமைத்தார்கள். 2006-இல் மகாத்மாவின் சிலை அதில் நிறுவப்பட்டது. மார்ட்டின் லூதர் கிங் சாலையை ஒட்டிய நந்தவனத்தில் காந்தி நிற்கிறார். குருவின் வீட்டைத் தேடிச் சிஷ்யர் நம் குமரிக்கரை வரை வந்தார்; சிஷ்யருடைய தெருவுக்குக் குரு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்துப் போய்ச் சேர்ந்தார்.

"தமிழ்நாட்டுக்குத் தனித் தோட்டம் இல்லையா ஐயா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். கேட்பாள் என்று எதிர்பார்த்ததுதான். செக்கரும் ஸ்லோவாக்கியரும் பிரிந்த கதையைச் சொல்லிவிட்டு இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. அங்கே குடியேறிய குஜராத்தியும் வங்காளியும் பஞ்சாபியும் தெலுங்கரும் தமிழரும் ஒரே பாத்தியில் வேலை செய்ய ஒப்பிக்கொண்டார்கள் அம்மா, அதுவே எனக்குப் பெரிய அதிசயமாக இருக்கிறது என்றேன். அவள் முழுவதும் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை.

இன்று தோட்டங்கள் முப்பதுக்கு மேற்பட்டிருக்கின்றன. ஆர்மேனியருக்கும் அஜெர்பைஜானியருக்கும் மலைப் பிரதேசம் ஒன்றைக் குறித்துப் பெரும் போர்கள் நடந்தன, 2020-இல்கூட மூண்டது. இருவருக்கும் இங்கே தோட்டம் உண்டு. 1990-களின் கடைசியில் கொஸோவோவில் ஒருவரை ஒருவர் வெட்டி மடிந்த ஸெர்பியருக்கும் அல்பேனியருக்கும் தோட்டம் உண்டு. அல்பேனியர் தோட்டத்தில் சிலையாக நிற்பவர், நம் கல்கத்தாவின் தெருக்களில் சேவை செய்து மறைந்த அன்னை தெரேசா. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரெய்ன்மேல் பெரும்படை அனுப்பியது முதல், உக்ரெய்னியர் தோட்டத்துக்கு வருகிறவர்கள் ஷெவ்சென்கோவை வேறு கண்ணோடு பார்ப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை.

இந்த நந்தவனங்களைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. தனித்தனிச் சுவர், தனித்தனிக் கொடி, தனித்தனிப் பெருமை. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டால் ஒற்றுமை வந்துவிடுமா? தன் தேசத்துக் கவிக்கு மாலை போட வருகிறவர் பக்கத்துத் தோட்டத்துக் கவியின் பெயரையாவது படித்துவிட்டுப் போகிறாரா? என் பழைய மாணவரையே இதைக் கேட்டு எழுதினேன். "நான் நம் தோட்டத்தோடு திரும்பிவிட்டேன், ஐயா, அடுத்த முறை மற்றவற்றையும் பார்த்து எழுதுகிறேன்" என்று பதில் வந்தது. நேர்மையான பதில்.

ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் எல்லோரும் கூடுகிறார்கள். இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்த சமயத்தில் ஆரம்பித்து நடந்துவரும் அவ்விழாவுக்கு 'ஒரே உலக தினம்' என்று பெயர். கோடைகாலத்தின் கடைசியில், அந்தந்த நாட்டு உடை தரித்து, கொடி பிடித்து, ஊர்வலம் வருகிறார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் அந்தந்த நாட்டுச் சமையல், ஆட்டம், பாட்டு. அன்றைக்கே அந்த மைதானத்தில் ஒரு நீதிபதி வந்து அமர, பல தேசங்களிலிருந்து வந்தவர்கள் வலது கையை உயர்த்தி அமெரிக்கப் பிரஜைகளாகப் பிரமாணம் எடுத்துக்கொள்கிறார்கள். பகத் சிங் திந்துக்கு எந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்தார்களோ, அந்தக் காரணத்தை இப்போது அங்கே யாரும் கேட்பதில்லை.

விழா முடிந்த மறுவாரம் களை முளைக்கும். பனிக்காலத்தில் ஏரிக்காற்றில் வரும் பனி கல்லைப் பிளக்கும். ஓடை பெருக்கெடுத்தால் தாழ்ந்த இடங்களில் சேறு ஏறும். நகரசபை புல்லை வெட்டும். பூச்செடியும் சிலையும் சமூகத்தாரின் பொறுப்பு. சனிக்கிழமைகளில் மண்வெட்டியோடு வருகிறவர்களில் தலை நரைத்தவர்களே அதிகமாம். இந்தியத் தோட்டத்தில் இந்த வருஷம் தாமும் ஒரு நாள் களை பிடுங்கப் போவதாக என் மாணவர் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்துத் தோட்ட வேலைக்கு என் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்ட பிள்ளை அவர். போய்விட்டு வந்து படம் அனுப்பட்டும், வகுப்பில் காட்டுகிறேன்.